குரலுக்கு யார் பிணை?

தேர்தல் காலத்தில் கல்முனைச் சட்டத்தரணியிடம் வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை வழக்காக மாறுவதில்லை. இரவு எட்டு மணிக்குக் கொதித்துக்கொண்டு வருகிறவர், வாக்களிப்பு முடிந்த மறுவாரம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். வென்றவருக்கு வழக்காட நேரமில்லை, தோற்றவருக்கு மனமில்லை. அதனால் எங்களைப் போன்றவர்கள் தேர்தல் சட்டத்தை நீதிமன்றத்தில் பழகியதைவிட முறைப்பாட்டுக் கடிதத்திலும் சத்தியக்கடதாசியிலும் பழகியதே அதிகம்.

முன்பு மேசையில் வந்து விழுவது துண்டுப்பிரசுரம். அச்சகத்தின் பெயர் இருக்காது, வெளியிட்டவர் பெயரும் இருக்காது. வாக்களிப்பு நாளன்று சுபஹுக்குப் போகிறவர்களின் கண்ணில் படும்படி பள்ளிவாசல் மதிலோரம் கிடந்திருக்கும். இப்போது மேசைக்கு வருவது கைத்தொலைபேசி. "ஸேர், இதக் கொஞ்சம் கேளுங்க. குரல் என்டதான். ஆனா நான் இப்படிக் கதைக்கவே இல்ல."

வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு அது. ஒருவரின் பேச்சில் சிறு துண்டு கிடைத்தாலே அதைப் படித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்ததை அதே குரலில் பேசும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மேடைப் பேச்சாளரின் குரலோ யூடியூபில் மணிக்கணக்கில் கிடக்கிறது. எங்கள் கரையோர ஊர்களுக்குக் காணொளியைவிடக் குரல்தான் ஆபத்து. முகம் தெரிந்தால் உதட்டசைவைப் பார்த்தாவது சந்தேகப்படலாம். குரலுக்கு அந்த வசதி இல்லை. அதில் கொஞ்சம் இரைச்சல் கலந்திருந்தால், களவாகப் பதிவுசெய்தது என்று நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

என்ன சொன்னால் இங்கே ஒரு வேட்பாளர் வீழ்வார் என்பது ஊரறிந்த விஷயம். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டுமா, கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தலாமா என்ற இரண்டு கேள்விகளிலும் ஒரே ஒரு வாக்கியம் போதும். ஓர் ஊரில் கைதட்டு வாங்கும் அந்த வாக்கியம் அடுத்த ஊரில் வாக்கை அழிக்கும். திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்தில் மொத்தம் ஏழு ஆசனங்கள். விருப்பு வாக்கு முறையில் ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவருக்கொருவர் போட்டி. ஆகவே போலிக் குரல் எதிர்க்கட்சியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை, பக்கத்து ஊரிலிருந்து, சொந்தப் பட்டியலிலிருந்தே வரலாம்.

சட்டப் புத்தகம் கைகொடுக்காமல் இல்லை. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும், அதே ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டமும், வேட்பாளரின் தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை பற்றித் தேர்தலைப் பாதிக்கும் நோக்கில் பொய்யான கூற்றை வெளியிடுவதை ஊழல் செயலாக வைத்திருக்கின்றன. வேட்பாளர் விலகிவிட்டார் என்று பொய் பரப்புவதும் குற்றம். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத தேர்தல் பிரசுரமும் குற்றம். இது என்னால் செய்யப்பட்டது என்று ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் சட்டத்துக்குப் புதிதல்ல என்பதற்கு இந்தக் கடைசி விதியே சாட்சி. செயற்கை நுண்ணறிவால் செய்த விளம்பரத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று இன்று உலகம் கேட்பதும் இதைத்தான்.

இந்த விதிகளை டீப்ஃபேக் எனப்படும் இந்தப் போலிகளின் மேல் பொருத்திப் பார்க்கும்போதுதான் இடைவெளி தெரிகிறது. "தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை" என்பது பிரித்தானியத் தேர்தல் சட்டத்திலிருந்து வந்த சொற்கள். அங்கே 2010 மேயில் வென்ற பில் வூலாஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் தேர்தல், எதிர் வேட்பாளரைப் பற்றிய பொய்க் கூற்றுக்காக அதே ஆண்டு நவம்பரில் செல்லாததாக்கப்பட்டது. அந்த விதிக்கு உயிர் உண்டு. ஆனால் லஞ்சம் வாங்கினார், குடித்தார் என்ற மாதிரிப் பொய்களுக்கே அது நன்றாகப் பொருந்தும். கல்முனை வடக்கு விடயத்தில் நான் உடன்பட்டுவிட்டேன் என்று ஒருவரின் குரலில் ஒரு பொய் வந்தால், அது குணமா, அரசியல் நிலைப்பாடா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணியாக நான் நின்றால், அரசியல் நிலைப்பாடு என்றே வாதிடுவேன். வெல்லவும் வாய்ப்புண்டு.

இதைவிட நெருக்கமான விதி ஒன்றும் இருக்கிறது. வேட்பாளர் சொன்னதாகவோ செய்ததாகவோ பொய்யான கூற்று வெளியாகி, அது தேர்தல் முடிவைப் பாதிக்கக்கூடியதாக இருந்தால் ஆசிரியரும் உரிமையாளரும் வெளியீட்டாளரும் பொறுப்பு. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் டீப்ஃபேக்குக்கு அளந்து தைத்தது போன்ற விதி. ஆனால் அது பேசுவது பத்திரிகையைப் பற்றி மட்டுமே. 2001இல் 17ஆவது திருத்தத்தோடு வந்த அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரையும் அப்படித்தான். வழிகாட்டல் விடுக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குத் தரும்போது வானொலி, தொலைக்காட்சி நடத்துபவர்களையும் பத்திரிகை உரிமையாளர்களையும்தான் அது பெயர் சொல்லி அழைக்கிறது. வாட்ஸ்அப் குழுவின் அட்மினுக்கு அதில் இடமில்லை.

சட்டம் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது சாட்சியம். 1970களின் இறுதியில், ஒருவரை அவுஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கும் பென்வெல் வழக்கில், கணினியிலிருந்து வந்த சாட்சியத்தை ஏற்க எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் வழியில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தக் குறையைத் தீர்க்கும் சட்டம் வர 1995 ஆகியது. அந்த ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் இன்றும் குரல் பதிவை வழக்கில் சேர்க்கிறோம். நிகழ்வு நடந்தபோதே பதிவானது, பின்னர் திருத்தப்படவில்லை என்று காட்ட வேண்டும். விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பாவது அந்தச் சாட்சியத்தின் பட்டியலை மன்றில் இட்டு, எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் அதைப் பரிசோதிக்க அனுமதி கேட்கலாம்.

நியாயமான விதிதான். ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்றது ஓகஸ்ட் 15, வாக்களிப்பு செப்டெம்பர் 21. இடையில் 37 நாட்கள். பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு முடிந்தது ஒக்டோபர் 11, வாக்களிப்பு நவம்பர் 14. இடையில் 34 நாட்கள். பதிவைச் சாட்சியமாக்க விடுக்கும் அறிவித்தலின் காலமே முழுப் பிரசாரக் காலத்தைவிட நீளம். தேர்தல் முடிந்தபின் போடும் தேர்தல் மனுவுக்குத்தான் அந்தச் சட்டம் உதவும். அப்போது கேள்வி யார் வென்றது செல்லும் என்பதே. அந்தப் பதிவை நம்பி வாக்களித்தவரின் விரலில் பூசிய மை அதற்குள் அழிந்திருக்கும்.

போலியைச் செய்பவர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். எங்கள் நாட்டில் வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலம் அமைதிக் காலம். கூட்டம் கூடாது, விளம்பரம் கூடாது. ஆத்திரம் ஆறி மக்கள் யோசிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு. சிலோவாக்கியாவிலும் இதே 48 மணித்தியால ஏற்பாடு உண்டு. 2023 செப்டெம்பர் 30இல் நடந்த தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, முற்போக்கு சிலோவாக்கியா கட்சித் தலைவர் மிகால் சிமேச்காவும் ஒரு பத்திரிகையாளரும் வாக்குகளை வாங்கப் பேசிக்கொள்வதாக ஒரு போலிக் குரல் பதிவு பரவியது. மறுக்க வேண்டியவர்களின் வாயைச் சட்டமே கட்டிவைத்திருந்த நேரம் அது. கரையோரத்தில் இது இன்னும் கூர்மையாகும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் பிரசாரம் முடிந்தது செப்டெம்பர் 18 நள்ளிரவு. அமைதிக் காலத்துக்குள்ளேயே ஒரு ஜும்ஆ வந்தது. நிந்தவூரிலிருந்து மருதமுனை வரை ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் நாள். வியாழன் இரவு ஒரு பதிவு வந்தால் வெள்ளி பகலுக்குள் அதைக் கேளாதவர் இருக்கமாட்டார். வேட்பாளரோ ஒலிபெருக்கியைத் தொடமுடியாது.

பங்களாதேஷில் இன்னும் நெருங்கி வந்தார்கள். 2024 ஜனவரி 7, வாக்களிப்பு நாளிலேயே, கைபாந்தா 1 தொகுதியின் சுயேச்சை வேட்பாளர் அப்துல்லாஹ் நாஹித் நிகார் தேர்தலிலிருந்து விலகிவிட்டதாக அவரே சொல்லும் போலிக் காணொளி பேஸ்புக்கில் வந்தது. எங்கள் 1981 சட்டம் துண்டுப்பிரசுரக் காலத்தில் எதைத் தடுக்க நினைத்ததோ, அதுவே வேட்பாளரின் முகத்தோடு வந்து நின்றது. இப்படிப்பட்ட பொய்க்கு எங்களிடம் குற்றமும் உண்டு, தண்டனையும் உண்டு. வாக்குப் பெட்டி மூடுவதற்குள் அதை நிறுத்தும் கை மட்டும் இல்லை.

வேகம் வேண்டும் என்றால், எது போலி என்று தீர்மானிப்பதில் தெளிவும் வேண்டும். இந்த மாவட்டத்துக்கு அது புத்தகப் பாடம் அல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்பது வதந்தி. கடையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் அதட்டிக் கேட்கிறார்கள். மொழி சரியாகப் பிடிபடாத அந்த மனிதர் பயத்தில் ஆமாம் என்பது போல ஏதோ சொல்கிறார். அந்தக் காணொளி நாடெங்கும் ஒப்புதல் வாக்குமூலமாகச் சுற்றியது. உணவில் கண்டது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அதற்குள் மார்ச் முதல் வாரம் கண்டி மாவட்டத்தின் திகனயும் முஸ்லிம் எதிர்ப்பு வன்முறையில் எரிந்து, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாட்டில் முடக்கப்பட்டிருந்தன. தன் தளம் அந்த வன்முறைக்கு இடம் கொடுத்ததற்கு பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

அந்தக் காணொளியில் செயற்கை நுண்ணறிவு இல்லை. முகமும் குரலும் இடமும் நேரமும் அசல். பொய் இருந்தது அது எதைக் காட்டுகிறது என்று சொன்ன வார்த்தையில். ஆகவே கணினியால் செய்த பொய்யை மட்டும் தடுக்கும் சட்டம் எங்களுக்குப் போதாது. மறுபக்கம், பொய்யான எதையும் தடுக்கலாம் என்று அகலத் திறந்துவிட்டாலும் ஆபத்து எங்கள் வாசலுக்குத்தான் முதலில் வரும். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் என்ற எழுத்தாளர் பேஸ்புக் பதிவொன்றுக்காகக் கைதானார். சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம் என்ற, உரிமைகளைக் காக்க வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமே அவர்மேல் பாய்ந்தது. ஐந்து மாதத்துக்கும் மேல் தடுப்பில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது 2023 நவம்பரில். வெறுப்பைத் தடுக்க வந்த சட்டம் வெறுப்பைக் கண்டித்தவர்மேல் திரும்பியதைக் கண்டவர்கள் நாங்கள்.

அதனால்தான் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை என்னால் இரண்டு மனத்தோடுதான் வாசிக்க முடிகிறது. ஜனவரி 24இல் நிறைவேறி, பெப்ரவரி 1இல் சபாநாயகரின் சான்றுரை பெற்றது. ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு, தடைசெய்யப்பட்ட கூற்றை 24 மணித்தியாலத்தில் நீக்கும் பணிப்பு, பாதிக்கப்பட்டவர் சத்தியக்கடதாசியுடன் நீதவான் நீதிமன்றத்தை நாடும் வழி என்று, தேர்தல் காலச் சட்டத்தரணி கேட்கும் வேகம் அதன் எழுத்தில் இருக்கிறது. ஆனால் எது பொய், எது பகைமையைத் தூண்டும் என்ற வரையறைகள் வேண்டியவர் வேண்டியபடி இழுக்கக்கூடியவை. தீர்மானிப்பவர்களோ அரசாங்கத்தின் நிழலில் நியமனம் பெறக்கூடியவர்கள். 2024இன் இரண்டு தேர்தல்களும் அந்த ஆணைக்குழு அமையாமலேயே முடிந்துவிட்டன. வேகம் சட்டப் புத்தகத்தில் தூங்கியது. பயம் மட்டும் வெளியே நடமாடியது.

இதுவரை சொன்னது, பொய்க் குரலால் அடிபட்டவர் கதவைத் தட்டும் கதை. எங்கள் தொழிலில் இதன் மறுபக்கமும் வரும். அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை.

கட்சிக்காரர் வருகிறார், பதிவைப் போட்டுக் காட்டுகிறார், இது ஏஐ என்கிறார். முறைப்பாடு எழுதச் சொல்கிறார். கூட வந்த மச்சானும் தம்பியும் நான் பேசத் தொடங்குமுன்பே ஆமோதிக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் செய்வது, கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்வது. தனியே இருக்கும்போது இரண்டு கேள்விகள். இந்தப் பேச்சு நடந்ததாகச் சொல்லும் நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இதில் உள்ள வார்த்தைகளில் ஒன்றையாவது, எங்காவது, யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் முகம் மாறும். "கலியாண வீட்டுல கதைச்சத எவனோ எடுத்திருக்கான் ஸேர். ஆனா இப்ப எல்லாரும் ஏஐ எண்டுதானே சொல்றாங்க, நாமளும் அப்படியே சொல்லுவம்."

டீப்ஃபேக்கால் வந்த பெரிய கேடு என்று நான் நினைப்பது இந்த வாக்கியத்தைத்தான். பொய்யை உண்மையாக்குவது ஒரு பாதி. உண்மையைப் பொய் என்று சொல்லித் தப்புவது மறு பாதி. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில், அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனுடையவை என்று இரண்டு குரல் பதிவுகள் வெளியாகின. அவர் அவை புனையப்பட்டவை என்று மறுத்தார். பின்னர் வெளிநாட்டு இதழொன்று சுயாதீன நிபுணர்களிடம் கொடுத்துக் கேட்டபோது, முதலாவதைப் பற்றி உறுதியாகச் சொல்லமுடியவில்லை, இரண்டாவது அசல் போலவே இருக்கிறது என்றார்கள். அவரோ தன் மறுப்பில் நின்றார். மே மாதம் அவருடைய அமைச்சு மாறியது. யார் சொன்னது சரி என்று நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. தமிழ்க் குரல் பதிவொன்றைத் திறமையான நிபுணர்களே ஆராய்ந்தும் பாதி விடைதான் கிடைத்தது என்பதே எனக்கு முக்கியம். கண்டுபிடிக்கும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துப் பழகியவை. எங்கள் கரையோரத் தமிழ் அவற்றுக்கு எவ்வளவு புரியும்? போலி செய்பவருக்கும் இன்று எங்கள் பேச்சு முழுதாக வசப்படவில்லை, இந்தியத் தமிழ் இடையில் தலைகாட்டிவிடும் என்பது ஓர் ஆறுதல். அது நீண்ட நாள் நிலைக்கும் ஆறுதல் அல்ல.

ஆக, கருவி முடிவு சொல்லும் என்று காத்திருக்க முடியாது. தேர்தலுக்குள் முடிவு சொல்லும் நீதிமன்றமும் இல்லை. மீதம் இருப்பது அந்தக் குரலுக்குரிய மனிதர். இந்தப் பேச்சு என்னுடையதல்ல என்று சட்டப்படி உறுதியுரைத்து, பொய்யானால் தண்டனை ஏற்பேன் என்று அவர் கையொப்பம் இடுவாரா? சமாதான நீதவான் முன்னிலையில் வைக்கும் அந்தக் கையொப்பம், எங்கள் கையில் இருக்கும் சட்டக் கருவிகளில் எல்லாம் மலிவானது, வேகமானது. பொய்ச் சத்தியக்கடதாசி தண்டனைக்குரிய குற்றம் என்று நான் விளக்கியதும் சிலர் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்படிக் கீழே வைத்தவருக்கு நான் முறைப்பாடு எழுதுவதில்லை. எழுதிக் கொடுத்தால் அடுத்த தேர்தலில் உண்மையாகவே அடிபட்டு வருகிறவரின் கடதாசிக்கு மதிப்பிருக்காது.

இந்த எண்ணத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாடு சிங்கப்பூர். 2024 ஒக்டோபர் 15இல் நிறைவேறிய திருத்தம், தேர்தல் அறிவித்தலிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாக, செய்யாததைச் செய்ததாக நம்பும்படி காட்டும் திரிபுகளைத் தடைசெய்கிறது. 2025 மே 3 பொதுத் தேர்தலில் அது நடைமுறையில் இருந்தது. வேட்பாளர் முறையிடலாம், ஆனால் இது பொய் என்று அவரே உறுதிமொழி தரவேண்டும். தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் அதுவும் குற்றம். தென்கொரியா வேறு வழி போனது. 2024 ஜனவரி 29 முதல், வாக்களிப்புக்கு முந்திய 90 நாட்களில் தேர்தல் டீப்ஃபேக் அறவே கூடாது, குறிப்பிட்டுப் போட்டாலும் கூடாது. கலிபோர்னியாவின் சட்டம் அகலமாகக் கைவைத்தது. கமலா ஹாரிஸைக் கேலிசெய்த ஒரு காணொளியைச் செய்தவர் வழக்குப் போட, 2024 ஒக்டோபர் 2இல் நீதிபதி ஜோன் மெண்டஸ் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை நிறுத்திவைத்தார். கேலியையும் பொய்யையும் பிரிக்கத் தெரியாத சட்டம் நீதிமன்றத்தில் நிற்காது. எங்கள் ஊரில் கேலிக்குப் பஞ்சமில்லை. மேடையில் தலைவரைப் போலப் பேசிக் காட்டுகிறவரும் இந்த வலையில் விழக்கூடாது.

சிங்கப்பூரில் அமைச்சருக்கு இருக்கும் கை நீளம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தை அப்படியே கொண்டுவரச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் வேட்பாளரின் உறுதிமொழியில் தொடங்குவது என்ற அதன் அச்சாணி எங்களுக்குப் பொருந்தும். என்னிடம் வரைவு எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவேன். காலம்: வேட்புமனு ஏற்ற நாள் முதல் வாக்களிப்பு முடியும்வரை. பொருள்: வேட்பாளர் சொல்லாததை, செய்யாததை, அவரே சொன்னதாகவோ செய்ததாகவோ நியாயமான ஒருவர் நம்பும்படி காட்டும் குரல், படம், காணொளி. கணினியால் செய்ததோ, அசலை வெட்டி ஒட்டியதோ, அசலுக்குப் பொய்த் தலைப்பு இட்டதோ, எல்லாம் இதில் அடங்கும். 2018 கற்றுத்தந்தது அது. கேலியும், வெளிப்படையாகக் குறிப்பிட்ட நடிப்பும் அடங்கா. முறையிடுவோர்: வேட்பாளர் தானே, சத்தியக்கடதாசியுடன். தீர்ப்போர்: அமைச்சரும் அல்ல, பொலிஸும் அல்ல, அந்தப் பகுதி நீதவான். விடுமுறை நாளிலும் அன்றே கேட்க வேண்டும். நீக்கும் காலம் மணித்தியாலக் கணக்கில் இருக்க வேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 மே 6இல் கட்சிகளுக்கு மூன்று மணித்தியாலம் கொடுத்தது. அது நல்ல அளவு. பொய்யாக மறுத்தவருக்கும் பொய்யாகப் பரப்பியவருக்கும் ஒரே தண்டனை. இவற்றோடு, அமைதிக் காலத்தில் நீதவான் ஏற்ற மறுப்பை வெளியிடுவது பிரசாரமாகாது என்று ஒரு வரி.

வாட்ஸ்அப் மூடிய பெட்டி, நீதவான் உத்தரவிட்டாலும் அதற்குள் கைவிட்டு எடுக்க முடியாது என்பார்கள். உண்மை. ஆனால் உத்தரவின் பிரதி அதே குழுக்களுக்குள் போகும். பேஸ்புக்கில் காசு கொடுத்துப் பரப்பியிருந்தால் காசின் தடயமும் உண்டு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். அதோடு, வேட்பாளர் தன் பெயரில் இயங்கும் பக்கங்களையும் இலக்கங்களையும் வேட்புமனுவோடே முன்கூட்டி அறிவிக்கச் செய்தால், எது அவருடைய வாயிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு தொடக்கப் புள்ளியாவது கிடைக்கும்.

சட்டம் வரும்வரை சாட்சியத்தைக் காப்பது எங்கள் வேலை. பதிவு வந்த தொலைபேசியை அப்படியே வைத்திருக்கச் சொல்வேன். திரும்பத் திரும்ப அனுப்பினால் யாரிடமிருந்து தொடங்கியது என்பது மங்கிவிடும். யார் யாருக்கு எத்தனை மணிக்கு அனுப்பினார் என்று பின்னோக்கி எழுதிக்கொண்டே போவோம். மத்ரஸாவில் ஹதீஸ் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் யாரென்று தெரியாவிட்டால் அந்த அறிவிப்பு பலவீனம் என்று நூற்றாண்டுகளாக வைத்திருக்கும் ஒழுங்கு அது. அந்த ஒழுங்கில் பழகிய சமூகம், "Forwarded" என்ற குறியோடு வரும் பெயரற்ற குரலை மறுகேள்வி இல்லாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதுதான் விந்தை.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் வருமென்று எதிர்பார்க்கிறேன். 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த திமுக இளைஞரணி மாநாட்டில், மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் திரையில் பேசினார். அடுத்த மாதம் அதிமுக ஜெயலலிதாவின் குரலைக் கொண்டுவந்தது. இந்தக் கரையில் அப்படி மீட்கப்படும் குரல் யாருடையதாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. கல்முனையில் வாதாடிய சட்டத்தரணி, முஸ்லிம் காங்கிரஸின் தாபகத் தலைவர், 2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்க ஊரகந்தையில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரப். அவருடைய பாசறையில் வளர்ந்தவர்கள் வெவ்வேறு கட்சிகளாகப் பிரிந்து நின்று, அவர் வழியில் நடப்பது தாங்களே என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். நாளை அவர் குரலே ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டால்? அவர் இறந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் ஏமாறவில்லை என்பார்கள். இறந்தவருக்காக அவதூறு வழக்கும் இல்லை. என் வரைவிலும் அவர் வேட்பாளர் இல்லை. இருந்தும், மறுத்துக் கையொப்பம் இட முடியாத ஒருவரின் குரலில் வாக்குக் கேட்பதை நான் அனுமதிக்கமாட்டேன். பிணை நிற்க ஆளில்லாத குரலுக்குத் தேர்தலில் இடமிருக்கக்கூடாது.

வரைவுகள் வர்த்தமானிக்குப் போக ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, பிரசாரம் தொடங்குமுன்பே என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் வேட்பாளரிடம் நான் வைப்பது ஒரே வேண்டுகோள். உங்களுக்குச் சங்கடம் தரும் அசல் பதிவொன்று வெளியே வந்தால், ஏஐ என்று சொல்லாதீர்கள். ஆம், நான்தான் கதைத்தேன், இந்தக் காரணத்தால் கதைத்தேன் என்று சொல்லுங்கள். ஒருமுறை அப்படிச் சொன்னவர், பிறகு ஒரு போலிக் குரல் வரும்போது இது நான் அல்ல என்றால் ஊர் நம்பும். அந்த நம்பிக்கையை எந்தச் சட்டத்தரணியாலும் கடதாசியில் எழுதிக் கொடுக்க முடியாது.